மங்கலும் ஒரு வேலைதான்

ஒருவர் 'ட்ராப்லி' உடுத்தியிருந்தார் என்று ஆங்கிலத்தில் யாராவது எழுதினால் அதில் பாராட்டு துளியும் இருக்காது. களையில்லாத துணி, கண்ணில் ஒட்டாத நிறம், பார்த்த மறுநிமிடம் மறந்துபோகும் தோற்றம் என்பதே அதன் பொருள். அதன் வேரான 'ட்ராப்' துணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டில் சாயம் ஏற்றாத துணிக்குப் பெயராக இருந்தது. பிறகு அந்தத் துணியின் மங்கிய பழுப்பு நிறத்துக்கே பெயரானது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தெருவை, ஊரை, ஒருவர் வாழும் வாழ்க்கையைக் குறைசொல்லவும் பயன்பட்டது. இந்த வரலாற்றைப் படிப்பவர்களுக்கு மங்கல் என்பது ஒரு குறை என்றே தோன்றும்: சாயம் ஏறாததால் வந்தது, அழகு சேராததால் வந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மங்கலான தோற்றம் பெரும்பாலும் யாரோ யோசித்து, பணம் செலவழித்து, எதிர்ப்பைத் தாங்கிச் செய்து முடிக்கும் காரியம். அந்தச் சொல் வினையடையாக வரும்போதுதான் சரியாகப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். 'எப்படிச் செய்தார்கள்' என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறது. இப்படிச் சொல்ல எனக்குத் துணிவு தருவது ஆஸ்திரேலியாவில் எங்கள் தலைமுறை கண்முன்னே பார்த்த ஒரு மாற்றம். 2012 டிசம்பர் 1 முதல் அந்த நாட்டில் விற்கும் எல்லா சிகரெட் பெட்டிகளும் ஒரே மங்கிய நிறத்துக்கு மாறின. சட்டமே அந்த நிறத்துக்கு 'ட்ராப் டார்க் பிரௌன்' என்று பெயர் எழுதியிருந்தது. வசைச்சொல்லாகப் புழங்கிய ஒன்றை ஒரு நாடாளுமன்றம் கட்டளையாக எழுதிய நிகழ்ச்சி அது.

அதற்கு முந்தைய காட்சி அங்கே வாழ்ந்த எவருக்கும் நினைவிருக்கும். 'மில்க் பார்' என்று மெல்பர்னில் அழைக்கப்படும் மூலைக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்க சிகரெட் பெட்டிகள்: தங்கம், சிவப்பு, கருநீலம், மெந்தால் என்றால் பச்சை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் புகையிலை விளம்பரம் 1970களின் நடுவிலேயே நின்றுபோயிருந்தது. 1990களின் தொடக்கத்தில் பத்திரிகை விளம்பரமும் விளையாட்டுப் போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பதும் தடுக்கப்பட்டன. கடைசியில் புகையிலை நிறுவனங்களின் கையில் மிஞ்சியது பெட்டி மட்டும்தான். அதில் அவர்கள் எவ்வளவு அக்கறை காட்டினார்கள் என்பதை ஒரு செய்தி காட்டும். 'லைட்', 'மைல்ட்' என்ற சொற்கள் வாங்குவோரை ஏமாற்றுகின்றன என்று 2005இல் நுகர்வோர் ஆணையம் தலையிட்டு அவற்றை நீக்க வைத்தது. சொற்கள் போயின, அவற்றின் வேலையை நிறங்கள் செய்தன. வெளிர்நீலமும் வெள்ளியும் 'இது உடம்புக்கு அவ்வளவு கெடுதல் இல்லை' என்ற பொய்யைச் சத்தமில்லாமல் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தன. சொல்லைத் தடைசெய்துவிட்டு நிறத்தை விட்டுவைத்தால் ஒன்றும் மாறாது என்பதை அந்த ஆண்டுகளில் அங்கே பலரும் உணர்ந்திருந்தார்கள். நிறத்துக்கு வாய் உண்டு என்று ஒப்புக்கொண்டால் மட்டுமே அதை அடைக்க வேண்டியதன் தேவை புரியும்.

2010 ஏப்ரல் இறுதியில் பிரதமர் கெவின் ரட் அரசு இதற்கான திட்டத்தை அறிவித்தது. சுகாதார அமைச்சர் நிக்கோலா ராக்ஸன் அதை நாடாளுமன்றம்வரை கொண்டுபோனார். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி. மங்கலாக்குவது எளிது, எல்லாவற்றையும் வெள்ளை அட்டையில் அச்சிட்டால் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வெள்ளையோ தூய்மையைச் சொல்லும் நிறம்; மருந்துப் பெட்டியின் நிறம். ஆகவே அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றை அமர்த்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகைப்பவர்களிடம் பல சுற்றுகளாகக் கேட்டது. கடுகு மஞ்சள், சாம்பல், எலுமிச்சைப் பச்சை, மங்கிய பழுப்பு வெள்ளை என்று பல நிறங்கள் சோதிக்கப்பட்டன. அழுக்கையும் தாரையும் சாவையும் நினைவூட்டுகிறது என்று மக்கள் சொன்ன நிறம், அச்சுத்துறையினர் 'பாண்டோன் 448 சி' என்று எண்ணிட்டு வைத்திருக்கும் கரும்பழுப்பு. முதலில் அதை 'ஆலிவ் பச்சை' என்றுதான் குறிப்பிட்டார்கள். ஆலிவ் விவசாயிகளின் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. தங்கள் விளைபொருளின் பெயரைப் புற்றுநோயோடு கட்டிவிடாதீர்கள் என்றது. அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. பெயரை 'ட்ராப் டார்க் பிரௌன்' என்று மாற்றிச் சட்டமாக்கினார்கள். நிறத்தோடும் அவர்கள் நிற்கவில்லை. மேற்பரப்பு பளபளக்கக் கூடாது. விளிம்புகள் நேராக இருக்க வேண்டும், சாய்வோ வளைவோ கூடாது. பெயரை 'லூசிடா சான்ஸ்' என்ற ஒரே எழுத்துருவில், 14 புள்ளிக்கு மேற்படாமல், சாம்பல் நிறத்தில் அச்சிட வேண்டும். முன்பக்கத்தில் 75 சதவீதமும் பின்பக்கத்தில் 90 சதவீதமும் எச்சரிக்கைக்கு. ஒரு பெட்டியைப் பார்க்கச் சகிக்காததாக ஆக்குவதற்கு இத்தனை விதிகள் தேவைப்பட்டன என்றால், மங்கல் தானாக விழுந்து கிடக்கும் ஒன்றாக எப்படி இருக்க முடியும்?

மாற்றம் நடந்த வாரங்களில் அங்கே எல்லோரும் கேட்ட ஒரு புகார் உண்டு: சிகரெட்டின் சுவை மாறிவிட்டது, மட்டமான சரக்கை அடைத்து விற்கிறார்கள் என்பது. பெட்டிக்குள் இருந்த புகையிலையைச் சட்டம் தொடவே இல்லை. இது வெறும் தெருப்பேச்சாக நின்றுவிடவில்லை. விக்டோரியா மாநிலத்தில் அந்த நேரத்தில் நடந்த ஓர் ஆய்வு, புதிய பெட்டியில் புகைத்தவர்கள் பழைய பெட்டியில் புகைத்தவர்களைவிட அதிகமாக, ஓராண்டுக்கு முன் இருந்த தரமும் திருப்தியும் இப்போது இல்லை என்று சொன்னதைப் பதிவு செய்தது. வேறு விதமாகச் சொல்வதானால், முன்பு அவர்கள் அனுபவித்த சுவையில் ஒரு பங்கு தங்க நிறத்தின் சுவை. மெல்பர்னிலும் அடிலெய்டிலும் உணவகங்களின் வெளி மேசைகளைக் கவனித்த இன்னோர் ஆய்வு, மேசைமேல் தெரியும் சிகரெட் பெட்டிகள் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்ததையும், வைத்தவர்களிலும் பலர் மறைத்தோ கவிழ்த்தோ வைத்ததையும் காட்டியது. நியூ சவுத் வேல்ஸில் புகைப்பதை விட உதவி கேட்டுத் தொலைபேசியில் வந்த அழைப்புகள் மாற்றத்தையொட்டி 78 சதவீதம் கூடின. மங்கலான ஒரு பொருளுக்கு இவ்வளவு பேரை அசைக்கும் வலு இருந்திருக்கிறது. 'கண்ணில் படாத தோற்றம்' என்று அகராதி சொல்வதற்கு இது நேர் எதிரானது. யாரும் அந்தப் பெட்டிகளைப் பார்க்காமல் இருக்கவில்லை, பார்த்ததனால்தான் கவிழ்த்து வைத்தார்கள்.

இங்கே முதலில் எழும் மறுப்பு விலையைப் பற்றியது. புகைப்பவர்கள் குறைந்தது வரியால், பெட்டியின் நிறத்தால் இல்லை என்பார்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 2010 ஏப்ரலில் புகையிலை வரி ஒரே நாளில் 25 சதவீதம் உயர்ந்தது. 2013 டிசம்பரிலிருந்து ஆண்டுதோறும் 12.5 சதவீதம் ஏறியது. 14 வயதுக்கு மேற்பட்டோரில் தினமும் புகைப்பவர்கள் 2010இல் 15.1 சதவீதம், 2013இல் 12.8 சதவீதம். இந்த இறக்கம் முழுவதையும் பெட்டியின் கணக்கில் எழுதுபவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். ஆனால் அரசின் சொந்த மறுஆய்வே 2016இல் இரண்டையும் பிரித்துப் பார்த்தது. வரியின் பங்கைக் கழித்த பிறகு, 2015 செப்டம்பர் வரையிலான காலத்தில் 0.55 சதவீதப் புள்ளி குறைந்ததற்குப் பெட்டி மாற்றமே காரணம் என்று கணக்கிட்டது. மொத்த இறக்கத்தில் ஏறக்குறைய கால் பங்கு. கேட்கச் சிறிய எண்தான். ஒரு நாட்டின் மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். வரி பணப்பையைத் தொடுகிறது, நிறம் ஆசையைத் தொடுகிறது. புகைக்கவே தொடங்காத பதினாறு வயதுப் பிள்ளைக்கு விலை இன்னும் ஒரு செய்தியாக இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பெட்டி முன்பு சொல்லிவந்ததை இப்போது சொல்லவில்லை என்பதன் பலன் ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும், எந்த மூன்றாண்டுக் கணக்கும் அதை முழுதாகப் பிடிக்காது.

நிறுவனங்கள் நடந்துகொண்ட விதம் என் வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று. பெட்டியின் நிறம் யாரையும் புகைக்கத் தூண்டுவதில்லை, ஏற்கெனவே புகைப்பவர் ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு மாறுவதற்கு மட்டுமே உதவுகிறது என்றுதான் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அது உண்மையானால் எல்லோர் பெட்டியும் ஒரே நேரத்தில் மங்கும்போது யாருக்கும் பெரிய நட்டமில்லை. ஆனால் அவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தங்கள் சொத்து பறிக்கப்படுகிறது என்றார்கள். ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் 2012 ஆகஸ்டில் அதை ஏற்கவில்லை. ஒருவரின் உரிமையைக் கட்டுப்படுத்துவதும் அந்தச் சொத்தை அரசு தனக்கு எடுத்துக்கொள்வதும் வேறுவேறு என்பது தீர்ப்பின் சாரம். ஹாங்காங்குடன் செய்திருந்த முதலீட்டு ஒப்பந்தத்தின்கீழ் தொடரப்பட்ட வழக்கு 2015 இறுதியில் விசாரணை வரம்புப் பிரச்சினையிலேயே விழுந்தது. உலக வர்த்தக அமைப்பில் கியூபா, ஹோண்டுராஸ், டொமினிக்கன் குடியரசு, இந்தோனேசியா ஆகிய நாடுகள் கொண்டுபோன புகார் 2018இல் தள்ளுபடியாகி, 2020இல் மேல்முறையீட்டிலும் நிற்கவில்லை. பத்தாண்டுகள் ஒரு நிறத்துக்காக இப்படிப் போராடியவர்கள் அந்த நிறத்துக்கு வலு இல்லை என்று உள்ளூர நம்பியிருக்க முடியாது. கடைகளில் பெட்டியின்மேல் ஒட்டி மறைக்க வண்ண ஒட்டுத்தாள்கள் விற்க வந்தவர்களும் அதையே உறுதிப்படுத்தினார்கள். நிறுவனங்கள் தங்கள் வகைகளின் பெயரிலேயே சிவப்பு, நீலம் என்று நிறத்தைச் சேர்த்தன. கண்ணுக்கு மறுக்கப்பட்டதைக் காதுக்காவது கொடுத்துவிடப் பார்த்தார்கள்.

இரண்டாவது மறுப்பு ஆழமானது, நான் மதிப்பதும்கூட. எந்த நிறமும் பிறவியிலேயே அசிங்கமில்லை என்பது அது. பத்திரிகைகள் 448 சி நிறத்துக்கு 'உலகின் மிக அசிங்கமான நிறம்' என்று பட்டம் சூட்டியபோது, பாண்டோன் நிறுவனத்தின் வண்ண நிபுணர் லியட்ரிஸ் ஐஸ்மன் மறுத்தார். அது மண்ணின் நிறம், காலணியிலும் சோபாவிலும் மக்கள் விரும்பி வாங்கும் நிறம் என்றார். அவர் சொன்னது சரி. இதே குடும்பத்து நிறத்தைப் படைவீரன் பெருமையோடு உடுத்துகிறான். 1840களின் இறுதியில் பெஷாவரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹாரி லம்ஸ்டன் தன் 'கைட்ஸ்' படைக்குச் சிவப்பை ஒதுக்கிவிட்டுப் புழுதி நிறம் கொடுத்தபோது ஆங்கிலக் குறிப்புகள் அதையும் 'ட்ராப்' என்றுதான் எழுதின. அந்தப் புழுதி, பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த பெயரோடு, காக்கி ஆனது. 1857 கிளர்ச்சியின்போது பிரிட்டிஷ் படையினர் வெள்ளைச் சீருடைகளைத் தேயிலைச் சாற்றிலும் மையிலும் முக்கி எடுத்தார்கள், ஒரு துவைப்பில் வெளுத்தது. மங்களூரில் பாசல் மிஷன் நடத்திய நெசவாலை காக்கித் துணிக்குப் பெயர்பெற்றது. துவைத்தும் வெயில்பட்டும் மாறாத காக்கிச் சாயம் 1880களில்தான் இங்கிலாந்தில் கைவந்தது. 'மண்போல் மங்கி இரு' என்று ஒரு துணியைச் சொல்லவைக்க வேதியியலுக்கே நாற்பதாண்டு பிடித்தது. பிரெஞ்சுப் படையோ வேறு வழி எடுத்தது. போர் அமைச்சராக இருந்த அடோல்ஃப் மெஸ்ஸிமி பால்கன் போரைப் பார்த்துவிட்டு வந்து, வீரர்களின் சிவப்புக் கால்சட்டையை மாற்ற வேண்டும் என்றார். சிவப்புக் கால்சட்டைதான் பிரான்ஸ் என்று முன்னாள் அமைச்சர் ஒருவரே எழுந்து தடுத்தார். 1914 ஜூலையில் மாற்றத்துக்கு ஒப்புதல் கிடைத்தது, புதுத் துணி வரவில்லை. அதற்குள் முதல் உலகப் போர் மூண்டு, ஆகஸ்ட் 22 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 27,000 பிரெஞ்சு வீரர்கள் இறந்தார்கள். இயந்திரத் துப்பாக்கியும் பீரங்கியும் தவறான போர்முறையும்தான் முதன்மைக் காரணங்கள். கால்சட்டை மட்டும் அவர்களைக் கொல்லவில்லை. ஆனால் கோதுமை வயலில் சிவப்பாகத் தெரிந்தவனுக்கு ஒளிய இடம் இருக்கவில்லை. மங்கலாக இருக்க மறுத்ததற்கு அவர்கள் கொடுத்த விலையில் அதுவும் ஒரு பங்கு. ஐஸ்மன் சொன்னது என் கருத்தை உடைக்கவில்லை, அதற்கு உதவுகிறது. ஒரே பழுப்பு வீரன் உடலில் உயிரைக் காக்கிறது, சோபாவில் வசதியைக் காட்டுகிறது, சிகரெட் பெட்டியில் ஆசையைத் தணிக்கிறது. பொருள் நிறத்துக்குள் இல்லை. எதன்மேல், எதன் பக்கத்தில், யாருக்காக வைத்தோம் என்பதில் இருக்கிறது. வினையடையைப் பிடித்து நான் தொங்குவது இதனால்தான்.

மூன்றாவது மறுப்பு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மங்கலை மேலிருந்து திணிப்பது ஏழைகளை அவமானப்படுத்துவதாகாதா? ஆஸ்திரேலியாவில் இன்று புகைப்பவர்களில் பெரும்பங்கு வசதி குறைந்தவர்கள். மனநோயோடு போராடுபவர்களிடமும் முதல்குடி மக்களிடமும் விகிதம் மிக அதிகம். வரலாற்றில் அநாதை விடுதியும் சிறையும் ஏழைவிடுதியும் மனிதர்களுக்கு மங்கிய உடையைப் போட்டு, நீ யார் என்பதைத் துணியாலேயே சொல்லவைத்திருக்கின்றன. அந்த வன்முறையை அறிந்தவர்கள் இந்தச் சட்டத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு. நான் வேறுபடும் இடம் இது: அந்த விடுதிகள் மங்கலை மனிதன்மேல் போட்டன, இந்தச் சட்டம் அதைச் சரக்கின்மேல் போட்டது. பணக்காரன் வாங்கும் பெட்டிக்கும் கூலிக்காரன் வாங்கும் பெட்டிக்கும் இப்போது ஒரே முகம். முன்பு தங்கப்பெட்டி வாங்க முடிந்தவனுக்குக் கிடைத்த மதிப்பை அது இல்லாமலாக்கியது. ஏழையின் வயிற்றில் உண்மையில் அடிப்பது வரிதான். புகைப்பதை விடமுடியாத ஒருவர் வீட்டுச் செலவிலிருந்து அந்தப் பணத்தை எடுக்கிறார் என்ற கவலை எனக்கும் உண்டு, ஆனால் அது நிறத்தின்மேல் வைக்க வேண்டிய குற்றம் இல்லை. விட நினைப்பவருக்கு மருத்துவ உதவி தராமல் பெட்டியை மட்டும் மங்கலாக்கினால் அது பாதி வேலை.

இந்தியாவில் 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் 85 சதவீதத்தில் படத்தோடு எச்சரிக்கை இருக்கிறது. மீதி இடத்தில் நிறமும் முத்திரையும் அப்படியே இருக்கின்றன. ஆனால் இங்கே பெட்டிக்கடையில் பலரும் ஒன்று, இரண்டு என்று சில்லறையாக வாங்குகிறார்கள். பெட்டி கடைக்காரர் கையோடு நின்றுவிடுகிறது, எச்சரிக்கையும் அவரோடு நின்றுவிடுகிறது. ஆஸ்திரேலிய வழியை அப்படியே எடுத்து வந்து வைத்தால் அதே பலன் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். சில்லறை விற்பனையைத் தொடாமல் பெட்டியின் நிறத்தைப் பற்றிப் பேசுவது, பார்க்காதவர்களுக்கு ஒரு பொருளை மங்கலாகக் காட்ட முயல்வது.

ஆஸ்திரேலியாவிலேயே நிறம் வேறு கதவால் திரும்பி வந்ததை அண்மை ஆண்டுகள் காட்டிவிட்டன. மாம்பழம், தர்ப்பூசணி என்று சுவைபெயர் தாங்கி, மிட்டாய் நிறங்களில் வந்த வேப் கருவிகள் பள்ளிக்கூடப் பைகளுக்குள் போயின. ஒருமுறை பயன்படுத்தும் வேப்களின் இறக்குமதியை 2024 ஜனவரியில் நிறுத்த வேண்டியிருந்தது. பழைய வண்ணப்பெட்டிகளில் வரும் கள்ளச் சிகரெட்டுகள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. அந்த வியாபாரத்துக்காக மெல்பர்னில் கடைகள் தொடர்ந்து கொளுத்தப்பட்டன. இதைச் சுட்டிக்காட்டி, மங்கல் தோற்றுவிட்டது என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கள்ளச்சந்தையை வளர்த்தது முக்கியமாக விலை வித்தியாசம் என்பதை அவர்கள் பேசுவதில்லை. தினமும் புகைப்பவர்கள் 2022-23 கணக்கெடுப்பில் 8.3 சதவீதமாகக் குறைந்திருந்ததையும் பேசுவதில்லை. அரசு எடுத்த அடுத்த அடி எனக்குச் சரியாகப் படுகிறது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், நிறுவனங்கள் பெயருக்குள் ஒளித்துவைத்த நிறங்களையும் கவர்ச்சிச் சொற்களையும் நீக்கச் சொல்கிறது. சிகரெட் ஒவ்வொன்றின்மேலும் எச்சரிக்கை வாசகத்தை அச்சிடச் சொல்கிறது. பெட்டியோடு நின்றுவிட்ட எச்சரிக்கையை இது விரலிடுக்கில் இருக்கும் குச்சிவரை கொண்டுபோகிறது. வேப்பிலும் கள்ளப்பெட்டியிலும் அதே பொறுமையோடு இறங்கினால்தான் 2012இல் தொடங்கியது முடியும்.